வெள்ளை வட்டம் பிறந்த கதை

1984-ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பாப் எப்ஸ்டீனும் மார்க் ஹாஃப்மனும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதற்குத் தனி அலுவலகம் கிடையாது. எப்ஸ்டீனின் வீடுதான் அலுவலகம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்க்ரெஸ் தரவுத்தள ஆராய்ச்சியில் ஊறியவர் அவர். அந்தக் கம்பெனிதான் சைபேஸ். தரவு ஒரு கணினியில் இருக்கும், கேட்பவர் வேறொரு கணினியில் இருப்பார், நடுவில் ஒரு கம்பி ஓடும் என்பது அவர்களின் திட்டம். அதுவரை தரவு, நிரல், பயனாளர்களின் திரைகள் எல்லாமே ஒரே பெருங்கணினியோடு கட்டிப்போடப்பட்டிருந்தன. இயந்திரம் நின்றால் எல்லாத் திரைகளும் நின்றன. சேதி சொல்லத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. நடுவில் கம்பி வந்ததும்தான் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கேள்வி முளைத்தது: அந்தப் பக்கம் சர்வர் உயிரோடு இருக்கிறதா?

யூனிக்ஸ் கணினிகளில் அதற்கு சைபேஸ் தந்த விடை ‘ஷோசர்வர்’ என்ற சின்னக் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை அலசி, அதில் தரவுத்தள எஞ்சின் இருந்தால் எடுத்துக் காட்டியது. ஆனால் எந்தக் கணினியில் உட்கார்ந்து தட்டினார்களோ அந்தக் கணினியின் சேதியை மட்டுமே அது சொன்னது. அடுத்த கட்டடத்தில் இருந்தவர் இணைப்பு போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பதில் வந்தால் சர்வர் ஓடுகிறது. வராவிட்டால் சர்வர் நின்றிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சர்வரின் முகவரியே தப்பாக இருக்கலாம். மூன்றுக்கும் கிடைத்தது ஒரே மௌனம். அந்த மௌனத்தைப் பிரித்துப் படிக்க இன்னும் 20 வருடங்கள் ஆகும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

1987 மார்ச் 27 அன்று ஹாஃப்மனும் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஜான் ஷெர்லியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மைக்ரோசாஃப்டிடம் அப்போது சொந்தமாக ஒரு பெரிய தரவுத்தளம் இல்லை. ஐ.பி.எம்.மோடு சேர்ந்து அது உருவாக்கிய ஓ.எஸ்./2 என்ற இயங்குதளத்தில் சைபேஸின் எஞ்சினை ஓடவைப்பது என்று முடிவாயிற்று. விற்பனைக்கு, அந்நாளில் டிபேஸ் மென்பொருளால் கொடிகட்டிப் பறந்த ஆஷ்டன்-டேட்டையும் கூட்டுச் சேர்த்தார்கள். 1988 ஜனவரி 13 அன்று நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். 1989 மே மாதம், எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற பெயரில் அதன் முதல் பதிப்பு வெளியானது. ஆனால் ஓ.எஸ்./2 விற்கவில்லை. டிபேஸின் நான்காம் பதிப்பு பிழைகளோடு வந்து விழுந்தது. ஆஷ்டன்-டேட் கூட்டிலிருந்து விலகியது. எஸ்.க்யூ.எல். சர்வர் அங்கேயே படுத்திருக்கும். அதைக் காப்பாற்றியது தரவுத்தளத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு மனிதர்.

டேவ் கட்லர் டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து 1988-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தவர். அவரும் அவருடைய குழுவும் அடியிலிருந்து எழுதிய விண்டோஸ் என்.டி. 1993 ஜூலையில் தயாரானது. பின்னணியில் ஓயாமல் ஓடும் நிரல்களுக்கு அதில் ‘சர்வீஸ்’ என்று பெயர். அவற்றை எழுப்ப, நிறுத்த, கண்காணிக்க ‘சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர்’ என்ற ஒரு காவலாளி இருந்தான். எந்தச் சர்வீஸ் விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பது அவனுக்கு எந்நேரமும் தெரியும். இன்னொரு கணினியிலிருந்தும் அவனைக் கேட்கலாம், அவன் பதில் சொல்வான். அந்த வசதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்.டி. வந்த அதே 1993-இல் அதற்கான எஸ்.க்யூ.எல். சர்வரும் வந்தது. கூடவே ‘சர்வீஸ் மேனேஜர்’ என்ற ஒரு குட்டி ஜன்னலும் வந்தது. அதற்குள் சாலைச் சந்திப்பில் நிற்பது போல ஒரு டிராஃபிக் லைட். ஓடினால் பச்சை, இடைநிறுத்தினால் மஞ்சள், நின்றால் சிவப்பு. பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தாலும் அதற்குள் ஆழமான ஒரு தீர்மானம் ஒளிந்திருந்தது. விளக்கு தரவுத்தளத்தைக் கேட்டு எரியவில்லை, காவலாளியைக் கேட்டு எரிந்தது. வேறு வழியும் இல்லை. நின்றுபோன தரவுத்தளம் ‘நான் நின்றுவிட்டேன்’ என்று வாய் திறந்து சொல்லாது. நிலவரம் வேண்டுமென்றால் பக்கத்தில் விழித்திருக்கும் இன்னொருவரைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கதையில் பிறகு வரும் குழப்பங்கள் அத்தனைக்கும் விதை, எவ்வளவு யோசித்தாலும் சரியென்றே படுகிற அந்தத் தீர்மானத்தில்தான் கிடந்தது.

1994 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டும் சைபேஸும் பிரிந்தன. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் தனியாக 6.0 பதிப்பைக் கொண்டுவந்தது. அதோடு வந்த நிர்வாகக் கருவியை உருவாக்கும்போது அதற்கு ‘ஸ்டார்ஃபைட்டர்’ என்று ரகசியப் பெயர். கடைக்கு வந்தபோது ‘என்டர்பிரைஸ் மேனேஜர்’. ஒரே ஜன்னலில் பத்து சர்வர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு விளக்கு. எந்த ஊரிலிருக்கும் எந்த சர்வர் நின்றாலும் நாற்காலியை விட்டு எழாமலே தெரிந்துகொள்ளலாம். நிர்வாகிகள் அதுவரை கனவில்தான் கண்டிருந்த காட்சி அது. பிறகு வந்த பதிப்புகளில் டிராஃபிக் லைட் மறைந்து, டேப் ரெக்கார்டரின் ப்ளே பொத்தான் போல வட்டத்துக்குள் ஒரு பச்சை முக்கோணமும், ஸ்டாப் பொத்தான் போல ஒரு சிவப்புச் சதுரமும் அந்த இடத்துக்கு வந்தன. சில சர்வர்களுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டில் எதுவுமே எரியவில்லை.

எரியாததற்குக் காரணம் காவலாளியின் அந்த நிபந்தனை. கேட்பவர் யாரென்று தெரியாமல் அவன் வாய் திறப்பதில்லை. யாரென்று தீர்மானிப்பது டொமைன். ஒரே டொமைனில் இருக்கும் கணினிகளுக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்றே, பாஸ்வேர்டு ஏடும் ஒன்றே. அதை ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டால் கதை எளிது. ஊர்க்காரருக்குக் காவலாளி பதில் சொன்னான். அடுத்த ஊர்க்காரரிடம் சொல்ல, இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ‘டிரஸ்ட்’ என்ற நம்பிக்கை உடன்படிக்கை வேண்டும். என்.டி. காலத்தில் அதை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டியிருந்தது. அதுவும் ஒருவழிப் பாதை. அ ஊர் ஆ-வை நம்பி, ஆ ஊர் இ-யை நம்பினாலும், அ ஊருக்கு இ இன்னும் அந்நியன்தான். இதைவிட விசித்திரமான ஒன்றும் நடந்தது.

விளக்கு எரியாத அதே சர்வரில் கேள்வி கேட்டால் பதில் பளிச்சென்று வந்தது. தரவுத்தளத்துக்குச் சொந்தமாக இன்னொரு வாசல் இருந்ததுதான் காரணம். ‘எஸ்.ஏ.’ போன்ற அதன் சொந்தப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் 1433 என்ற போர்ட் வழியாக உள்ளே போய்விடலாம். டொமைனைப் பற்றி அங்கே கேள்வியே இல்லை. நிலவரத்தைக் கேட்கும் பாதை வேறு. அது காவலாளியிடம் போனது, போனவரின் விண்டோஸ் அடையாளத்தைச் சுமந்துகொண்டு போனது, திருப்பி அனுப்பப்பட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்ற பழமொழி கணினி அறைக்குள் நடந்தேறியது. லட்சக்கணக்கான வரிசைகளை அள்ளித் தந்த சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பக்கத்திலிருந்த விளக்குக்குத் தெரியவில்லை. புத்தாயிரம் பிறந்தபோது இதற்கு விடிவு வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்பரோஸ் என்ற அடையாளமுறையைக் கையில் எடுத்தது. ஒரே குடும்பத்து டொமைன்கள் அனைத்தும் ஒன்றையொன்று இருதிசையிலும் தானாகவே நம்பத் தொடங்கின. கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக ஓடாதவரை அடையாளச் சீட்டு எல்லா ஊரிலும் செல்லுபடியானது. அதே வருடம் வந்த எஸ்.க்யூ.எல். சர்வர் 2000-இல் ஒரே கணினியில் பல தரவுத்தள எஞ்சின்களை வெவ்வேறு பெயரில் ஓட்ட முடிந்தது. எந்தப் பெயர் எந்தப் போர்ட்டில் என்று கேட்பவருக்குச் சொல்ல, 1434 என்ற யு.டி.பி. போர்ட்டில் ஒரு விசாரணை ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அந்த ஜன்னல் அடையாளம் எதையும் கேட்கவில்லை. யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னது.

டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்த ஜன்னலில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். 4 என்ற எண்ணோடு தொடங்கி, அளவுக்கு மீறிய ஒரு பெயரை அனுப்பினால் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் நினைவகம் வழிந்தது. வழிந்த இடத்தில் வேண்டிய கட்டளையைப் புகுத்தலாம். 2002 ஜூலை 24 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒட்டுப் போட்டது. ஏராளமானோர் அந்த ஒட்டை நிறுவவில்லை. பலருக்குத் தங்கள் கணினியில் எஸ்.க்யூ.எல். சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாது. வேறு மென்பொருள்களின் வயிற்றுக்குள் அதன் சிறிய பதிப்பு ஒளிந்து வந்திருந்தது. அப்படியே ஆறு மாதம் கழிந்தது.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. இந்திய நேரம் காலை சுமார் 11 மணிக்கு ஸ்லாமர் கிளம்பியது. வெறும் 376 பைட் நீளமுள்ள புழு. இந்தப் பத்தியில்கூட அதைவிட அதிகமான பைட்டுகள் இருக்கும். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகப் பெருகியது. பத்தே நிமிடத்தில், ஓட்டையோடு இணையத்தில் திறந்து கிடந்த கணினிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அதன் பிடியில் இருந்தன. குறைந்தது 75,000 கணினிகள். தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கி ஒன்றின் ஆயிரக்கணக்கான ஏ.டி.எம்.கள் பணம் தர மறுத்தன. ஆனால் அந்தப் புழு செய்த எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்குவது ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் நடந்ததுதான்.

அந்த நிலையத்துக்கும் ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும் தனிக் கம்பி ஒன்றும் இருந்தது. புழு அந்தக் கம்பி வழியே வந்தது. அது உலையைத் தொடவில்லை. உலையின் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் திரையை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இருட்டாக்கியது. பழுதுபார்ப்புக்காக உலை அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததும், பழைய அளவுமானிகள் வேலை செய்ததும் நல்ல காலம். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் நிலை தெரியும் வழிதான் அடைபட்டது. உலகெங்கும் நிர்வாகிகள் 1434 போர்ட்டை இழுத்து மூடினார்கள். நிலவரம் போகும் பாதைகளில் ஒன்று அடைபட்டாயிற்று. அந்த வருடம் இன்னும் முடியவில்லை.

ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் வந்தது. இந்த முறை குறி 135-ஆவது போர்ட். அது விண்டோஸின் வரவேற்பு மேசை. ஒரு கணினி இன்னொன்றிடம் ஏதாவது செய்யச் சொல்ல முதலில் அங்கேதான் போக வேண்டும். இன்ன அறைக்குப் போ என்று மேசை ஒரு பெரிய எண்ணைக் கொடுக்கும், பேச்சு அந்த எண்ணில் தொடரும். மைக்ரோசாஃப்டின் டி-காம் என்ற தொலைபேச்சு முறையும், கணினியின் உடல்நிலையை தூரத்திலிருந்து விசாரிக்கும் டபிள்யூ.எம்.ஐ. ஏற்பாடும் இந்த மேசையை நம்பித்தான் இருந்தன. பிளாஸ்டருக்குப் பிறகு ஒரு டொமைனுக்கும் இன்னொரு டொமைனுக்கும் நடுவில் நின்ற ஃபயர்வால்களில் 135 திறந்திருப்பதே குற்றம் என்றாகிவிட்டது. மூன்று நாள் கழித்து, புழுவோடு தொடர்பே இல்லாமல், ஒரு பேரிருள் வந்தது.

ஆகஸ்ட் 14 மதியம், டேவிஸ்-பெஸ் நிலையம் எந்த மின் நிறுவனத்துக்குச் சொந்தமோ அதே நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் ஒரு நிரல் பிழையால் உறைந்தது. அது உறைந்ததைச் சொல்லவும் எதுவும் இல்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்று பணியாளர்கள் இருந்தார்கள். வெளியே உயர் அழுத்தக் கம்பிகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தெரியவில்லை’ என்பதற்குத் திரையில் தனியிடம் இல்லாவிட்டால், அது ‘நலம்’ என்பதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. டி-காமின் கடிவாளத்தையும் இறுக்கியது. 2005 நவம்பரில் எஸ்.க்யூ.எல். சர்வர் 2005 புத்தம்புது நிர்வாகக் கருவியோடு வந்தது. அதுதான் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ. 1434-ஆம் போர்ட்டின் விசாரணை ஜன்னலை எஞ்சினிலிருந்து பிரித்துத் தனிச் சர்வீஸாக்கினார்கள். சர்வரின் நிலையைக் கேட்கும் பொறுப்பு டபிள்யூ.எம்.ஐ.யிடம் போனது. விளக்கு எரிய, 135-ஆம் போர்ட்டைத் தாண்ட வேண்டும். அங்கே ஒதுக்கப்படும் பெரிய எண் போர்ட்டையும் தாண்ட வேண்டும். எதிர்க்கணினியின் டி-காம் அனுமதி வேண்டும். டபிள்யூ.எம்.ஐ.யின் ‘ரூட் சிம்வி2’ என்ற கிளையில் தொலைவிலிருந்து நுழையும் உரிமையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டொமைன் ஒப்புக்கொள்ளும் பெயர் வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பதில் வராது. வராதபோது சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் எதை வரைவது?

சிவப்புச் சதுரம் வரைந்தால் ஓடும் சர்வரை நின்றது என்று சொல்வதாகும். பச்சை முக்கோணம் வரைந்தால் நின்ற சர்வரை ஓடுகிறது என்று சொல்வதாகும். இரண்டுமே வரையப்படவில்லை. உள்ளே எதுவும் இல்லாத ஒரு வெள்ளை வட்டம் மட்டும் அங்கே நின்றது. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்த எவரும் ஒருமுறையாவது பார்த்து, ஏதோ கோளாறு என்று முகம் சுளித்த அதே வெற்று வட்டம். கோளாறு அதில் இல்லை. தொடக்க நாட்களில் யாராலும் பிரித்துப் படிக்க முடியாத அந்த மௌனத்துக்குச் சுமார் 20 வருடம் கழித்துக் கிடைத்த எழுத்து அது.

அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை சென்னைக்கு வந்தபோது வெள்ளை வட்டமும் கூடவே வந்தது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களின் இரவுப் பணியில் லேப்டாப் ஒரு டொமைனில் இருந்தது, வாடிக்கையாளரின் சர்வர் இன்னொரு டொமைனில். நடுவில் ஒரு வி.பி.என்., இரண்டு பக்கமும் ஃபயர்வால். புதிதாகச் சேர்ந்தவர்கள் வட்டத்தைப் பார்த்துப் பதறி சர்வரை ரீஸ்டார்ட் செய்யக் கிளம்பினார்கள். பழகியவர்கள் முதலில் ஒரு கேள்வியை அனுப்பினார்கள். பதில் வந்துவிட்டால் 1433 திறந்திருக்கிறது, தரவுத்தளம் ஓடுகிறது, மூடியிருப்பது காவலாளியின் பாதை மட்டுமே என்று புரிந்துகொண்டார்கள். அதன்பிறகு அந்தப் பாதையைத் திறக்கும் தந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரில் ஒரே பாஸ்வேர்டோடு கணக்கு வைத்துக் காவலாளியை ஒப்புக்கொள்ள வைத்தார்கள் சிலர். வேறு சிலர் ‘ரன்அஸ் நெட்ஒன்லி’ என்ற கட்டளையைப் பிடித்துக்கொண்டார்கள். அது மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவை லேப்டாப்பில் பழைய அடையாளத்தோடே ஓடவிட்டு, வலையமைப்புக்குள் இறங்கும்போது மட்டும் வாடிக்கையாளர் டொமைனின் அடையாளத்தை நீட்டியது. அதில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் ஜன்னல் திறந்துவிடும், தப்பு எதிர்முனையில்தான் தெரியவரும். அதனால் பாதி ராத்திரி வீணாய்ப் போனவர்கள் உண்டு. ஃபயர்வால் பொறுப்பாளர்களிடம் 135-ஐயும் 49152 முதல் 65535 வரையும் திறக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கோ பெரும்பாலும் ஒரே பதில்தான்: முடியாது. 2003-ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது சரியும்கூட.

கடைசியில் வழி தரவுத்தளத்துக்குள்ளிருந்தே வந்தது. 2008 ஆர்2 பதிப்பின் முதல் சர்வீஸ் பேக்கில் ‘டி.எம். சர்வர் சர்வீசஸ்’ என்ற ஒரு காட்சி சேர்க்கப்பட்டது. உரிய அனுமதி உள்ளவர் உள்ளே நுழைந்து அதைக் கேட்டால், எஞ்சின், ஏஜென்ட் முதலான சர்வீஸ்களின் நிலையை அதுவே வரிசையாகச் சொன்னது. 135 வேண்டாம், டி-காம் வேண்டாம், அந்த ஊர்ப் பெயரும் வேண்டாம். நின்றுபோன எஞ்சின் மட்டும் இன்றும் தன் மரணத்தைத் தானே சொல்வதில்லை. ஓடும் எஞ்சினைக் கேட்டபோது வலப்பக்கம் ‘ரன்னிங்’ என்று ஒரு வரி வந்து நின்றது. இடப்பக்கம் அதே சர்வரின் பெயருக்கு அருகில் வட்டம் வெள்ளையாகவே இருந்தது.